கோழி மேய இடம் எங்கே? புறக்கடைக் கோழி வளர்ப்பும் காலனியின் மூன்று சென்ட்டும்

திண்டிவனத்தை ஒட்டிய காலனி ஒன்றிலிருந்து மூத்த பெண்மணி ஒருவர் நம்மைச் சந்திக்க வந்தார். கையில் ஒரு பை; பைக்குள் இறந்த கோழி. அவர் வளர்த்த ஏழு கோழிகளில் ஆறு ஒரே காலையில் செத்துவிட்டிருந்தன. வீட்டின் பின்புறமுள்ள வயலின் உடைமையாளர் வரப்போரம் நஞ்சு கலந்த அரிசியைத் தூவியிருந்தார் என்பது அவரது குற்றச்சாட்டு. முதல் நாள் மாலை அதே நபர் தெருவில் நின்று, பலர் கேட்க, சாதிப் பெயரைச் சொல்லி ஏசியிருக்கிறார். காவல் நிலையத்திற்குப் போனபோது அங்கே கிடைத்த பதில் ஒரு கேள்வி: “கோழி செத்ததுக்கெல்லாம் கேசா?” ஐந்நூறு ரூபாய் வாங்கித் தருவதாகச் சொல்லிச் சமாதானமாகப் போகும்படி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது: அந்தக் கோழிகள் ஏன் வயலுக்குப் போயின?

கோழி என்றவுடன் நம் கல்லூரித் தோழர்கள் பலருக்கு நெடுஞ்சாலை உணவகங்கள்தாம் நினைவுக்கு வரும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை சாலையின் இருபுறமும் ‘நாட்டுக்கோழி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகைகள் நிற்கின்றன. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் சில கிலோமீட்டர் உள்ளே போனால், கோழி என்பது உணவுக்கு முன்பே ஒரு கணக்கு. நாட்டுக்கோழிப் பெட்டை ஏறத்தாழ ஆறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். ஓர் ஈற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை. பிறகு அடைக்கு உட்காரும். இருபத்தொரு நாள் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளை இரண்டு மூன்று மாதம் கூட்டிக்கொண்டு மேய்த்து, அதன் பின்னரே மீண்டும் முட்டைக்கு வரும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் அறுபது முதல் எண்பது முட்டை தேறினால் நல்ல கோழி. நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் இருக்கும் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுகிறது. அது நிற்கும் இடமோ ஒரு முழு வெள்ளைத்தாளின் பரப்பைவிடக் குறைவு.

ஆகவே புறக்கடையில் கிடைக்கும் ஒவ்வொரு முட்டையின் மீதும் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. பிள்ளைக்குக் கொடுப்பதா, விற்பதா, அடை வைப்பதா? முடிவெடுப்பவர் அநேகமாக எப்போதும் வீட்டுப் பெண்ணே. நல்ல பெட்டையின் முட்டையாகத் தேர்ந்து, அரிசிப் பானையிலோ கேழ்வரகிலோ புதைத்து வைத்து, கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி அடை வைப்பதும், இடிக்கு அஞ்சி முட்டைகளுக்கிடையே இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் காய்ந்த மிளகாயையும் போட்டு வைப்பதும், ஏழாம் நாள் முட்டையை விளக்கொளியில் பிடித்து (இப்போது கைப்பேசி வெளிச்சத்தில்) கரு கூடியிருக்கிறதா என்று பார்ப்பதும் பாடப்புத்தகம் இல்லாமல் தாயிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு. இரும்புத் துண்டு இடியைத் தடுக்குமா என்று நம்மிடம் கேட்க வேண்டாம். ஆனால் தண்ணீரில் போட்ட முட்டை படுத்துக் கிடந்தால் புதியது, செங்குத்தாக நின்றால் பழையது, மிதந்தால் கெட்டது என்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் செல்லும். முட்டை பழையதாக ஆக உள்ளிருக்கும் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, காற்றறை பெரிதாகிறது, அவ்வளவுதான் காரணம்.

காலையில் இட்ட முட்டையை மதியமே ஆம்லெட்டாகச் சாப்பிடும் குழந்தைக்கு அதன் சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கூலி இல்லாத நாளிலும் காசு கொடுக்காமல் கிடைக்கும் புரதம் அது. சந்தையில் நாட்டு முட்டைக்குப் பண்ணை முட்டையைப்போல் இரு மடங்குக்கும் மேல் விலை கிடைப்பதால், அதைத் தின்பதா விற்பதா என்ற தயக்கமும் கூடவே வருகிறது. கல்லூரியில் தேர்வுக் கட்டணம் கட்டும் நாளில் ஒரு சேவல் விற்கப்படும். இக்கட்டுரையைப் படிக்கும் தோழர்களில் சிலர் அப்படிக் கட்டிய கட்டணத்தில்தான் தேர்வு எழுதியிருப்பார்கள். எங்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. கோழி வாங்கவும் காசில்லாதவர் இன்னொருவரின் பெட்டையை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, குஞ்சில் பாதியை எடுத்துக்கொள்கிறார். வங்கி இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை.

இந்த மண்ணில் கோழிக்குப் பழைய மரியாதையும் இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் கிடைத்த நடுகல் ஒன்றில் வீரன் இல்லை. ஒரு சேவல் நிற்கிறது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முந்தைய அக்கல்லின் எழுத்துகள், அச்சேவல் முகையூரின் மேற்சேரியைச் சேர்ந்தது என்று சொல்கின்றன. மதுராந்தகம் பக்கத்து இந்தளூர்க் கல்லில் கீழ்ச்சேரிக் கோழி இடம்பெறுகிறது. சேவற்சண்டையில் தங்கள் குடியிருப்பின் சார்பாக நின்ற கோழிகளுக்கு மக்கள் கல் நட்டிருக்கிறார்கள். ‘சேரி’ என்ற சொல் அன்று ஒரு குடியிருப்புப் பகுதியை மட்டுமே குறித்தது. தீண்டாமையின் எல்லைக்கோடாக அச்சொல் பிற்காலத்தில் மாற்றப்பட்டது. அந்தக் கல்லைப் பார்க்கப் போகும் மாணவர்கள் இதையும் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கோழிகள் வயலுக்குப் போனது, மேய்வதற்கு வேறு இடம் இல்லாததால்.

2019-இல் கள்ளக்குறிச்சி பிரிக்கப்படுவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரியான 20 விழுக்காட்டைவிட இது மிக அதிகம். நிலத்தில் அந்த விகிதம் இல்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் சாகுபடி செய்த பரப்பு மொத்தத்தில் ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கை மாறிப்போன கதையை நாம் அறிவோம். 1994-இல் காரணை நில மீட்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் பலியானதையும் அறிவோம். அந்நிலங்கள் கையில் இருந்திருந்தால் கோழியை வரப்போரம் விரட்ட ஒருவரும் வந்திருக்க முடியாது.

விளைநிலம் போகட்டும், வீட்டு மனையைப் பார்ப்போம். ஆதிதிராவிடர் நலத்துறை கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு வழங்கும் இலவச மனை பொதுவாக மூன்று சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் ஏறத்தாழ 1,307 சதுர அடி. அதில் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் குறைந்தபட்ச அளவில் ஒரு வீடு கட்டினால் 269 சதுர அடி போயிற்று. கழிப்பறை, குளியல் மறைப்பு, அடுப்பு, விறகு, மாட்டுக்கு ஒரு முளை. மூத்த மகனுக்குத் திருமணம் ஆகும் நாளில் மீதியில் ஒரு குடிசை எழும்பும். இளைய மகனுக்கும் அங்கேயே. இரண்டு தலைமுறையில் அம்மனையில் மண் தெரியும் இடமே மிஞ்சுவதில்லை. கோழியோ கிளறுவதற்கென்றே கால் படைத்த உயிர். கிளற மண் வேண்டும், பூச்சி வேண்டும், பருந்து வட்டமிட்டால் குஞ்சோடு ஒளிய ஒரு செடி வேண்டும். அவை எல்லாம் காலனியின் கடைசி வீட்டுக்குப் பின்னால், மற்றவர் வயலில் இருக்கின்றன.

இருளர் குடும்பங்களின் நிலை இதைவிடக் கடினம். ஏரிக்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் வாழும் குடும்பத்துக்கு அந்த மூன்று சென்ட்டும் இல்லை. பட்டா கிடைத்த இடங்களிலும் மனையை அளந்து காட்டாமலோ கணினிக் கணக்கில் ஏற்றாமலோ தாள் மட்டும் கையில் இருப்பது நாம் திரும்பத் திரும்பக் காணும் காட்சி.

புறக்கடையைச் சட்டம் அறியாமல் இல்லை. தமிழ்நாடு குடியிருப்பு அனுபவதாரர்கள் உரிமை வழங்கல் சட்டம் 1971-இல் இயற்றப்பட்டது. நிலவுடைமையாளரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு, சட்டம் குறித்த நாளில் அவர்கள் அங்கே குடியிருந்தால், அம்மனையின் உரிமையை அது வழங்கியது. அதில் ‘குடியிருப்பு’ என்பதற்கான வரையறையை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். குடிசை நிற்கும் இடம் மட்டுமே குடியிருப்பு ஆகாது. அவ்வீட்டை வசதியாக அனுபவிப்பதற்குத் தேவையான, அதை ஒட்டிய பகுதியும் குடியிருப்பே என்கிறது சட்டம். கோழி மேயும் புறக்கடையைச் சட்ட மொழியில் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரையறையில் இருந்த அந்த ஒட்டிய பகுதி, இன்றைய மூன்று சென்ட் கணக்கில் இல்லை.

அரசு கோழி கொடுக்காமல் இல்லை. கால்நடைப் பராமரிப்புத் துறை கிராமப்புற ஏழைப் பெண்களுக்குப் பல ஆண்டுகளாகப் புறக்கடைக் கோழிகளை வழங்கி வருகிறது. 2020-21-இல் ஒரு பயனாளிக்கு 25 அசீல் இனக் குஞ்சுகள் விலையில்லாமல் வழங்கப்பட்டன. பின்னர் நாலு வாரக் குஞ்சுகள் 40, பாதி மானியத்தில். பயனாளிகளில் 30 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினராகவும் பழங்குடியினராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. விண்ணப்பம் போட விரும்புவோர் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். அறிவிப்பு வரும் காலத்தில் தவறவிடக் கூடாது.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. சற்றுப் பெரிய அளவில், 250 நாட்டுக்கோழிகளைக் கொண்டு பண்ணை அமைக்க 50 விழுக்காடு மானியம் தரும் திட்டத்திற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: குறைந்தது 625 சதுர அடி சொந்த நிலம் வேண்டும், அது மனிதக் குடியிருப்புகளிலிருந்து விலகி இருக்க வேண்டும், சிட்டா, அடங்கல் நகல் தர வேண்டும். மூன்று சென்ட்டில் 625 சதுர அடியைக் காட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். குடியிருப்பிலிருந்து விலகிய நிலத்தைக் காலனிவாசி எங்கே தேடுவார்? சுகாதார நோக்கில் அந்த நிபந்தனை சரியே. ஆனால் 30 விழுக்காட்டை ஒதுக்கிய கையே, அந்த விழுக்காட்டினர் பெரும்பாலோரிடம் இல்லாத ஒன்றைத் தகுதியாகவும் கேட்கிறது. பழங்குடியினருக்கு இன்னொரு வாசலும் உண்டு: சாதிச் சான்றிதழ். அது வருவாய்க் கோட்டாட்சியர் வழங்க வேண்டியது. இருளர்கள் அதற்காகவே ஆண்டுக்கணக்கில் நடக்கிறார்கள். நமது கோரிக்கை எளியது. ஊராட்சிப் பொது நிலத்தில் மகளிர் குழுக்களுக்கு நீண்ட காலக் குத்தகையில் இடம் ஒதுக்கி, அதையே இத்திட்டத்தின் தகுதியாக ஏற்க வேண்டும். கிராம சபையில் வைக்கக்கூடிய தீர்மானம் இது.

இப்போது, செத்த கோழிக்கு வழக்கு உண்டா?

உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, தீங்கு செய்யும் கருத்துடன் எந்த விலங்கையும் கொல்வதற்கும் நஞ்சிடுவதற்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு பிரிவுகளாக, விலங்கின் மதிப்பைப் பொறுத்து, பத்து ரூபாய்க்கு ஒன்றும் ஐம்பது ரூபாய்க்கு இன்னொன்றுமாக இருந்தது. புதிய சட்டத்தில் மதிப்பு பற்றிய பேச்சே இல்லை. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் இது. ஆகவே காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)ஆம் பிரிவு, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடமளிக்கிறது என்று காவலர்கள் சொல்லக்கூடும். புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியான குற்றமும் இருந்தால், அச்சட்டத்தின் 18ஏ பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது அது.

‘கோழி என் நிலத்துக்குள் வந்தது, அதனால் செய்தேன்’ என்ற வாதம்? அத்துமீறி மேயும் கால்நடையைப் பிடித்துப் பட்டியில் அடைக்க 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அனுமதிக்கிறது. அச்சட்டத்தின் ‘கால்நடை’ வரையறையில் யானை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, கழுதையும் பன்றியும் ஆடும் இருக்கின்றன; கோழி இல்லை. நாற்றங்காலைக் கிளறிவிட்ட கோழிக்கு நட்டஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போக நில உடைமையாளருக்கு வழி உண்டு. நட்டம் உண்மையானால் கொடுக்கத்தான் வேண்டும். நாற்றை இழந்தவரின் கோபத்தை நாம் கேலி செய்யவில்லை. நஞ்சிட மட்டும் எந்தச் சட்டமும் அவருக்கு உரிமை தரவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதில் நம் தோழர்கள் நிதானமாக இருக்க வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் ஏசியிருந்தால் 3(1)(எஸ்) பொருந்தும். நஞ்சு நம் மனைக்குள் தூவப்பட்டிருந்தால், மனையை அனுபவிக்கும் உரிமையில் குறுக்கிடுவதைக் குற்றமாக்கும் 3(1)(ஜி) பிரிவை வலுவாக வாதிடலாம். அவர் வயலில் தூவியிருந்தால் அப்பிரிவு தளர்ந்துவிடும். ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பதாலேயே ஒரு நிலத் தகராறு வன்கொடுமை ஆகிவிடாது என்றும், நான்கு சுவருக்குள் பேசியது பொதுப் பார்வை ஆகாது என்றும் கூறியிருக்கிறது. எனவே புகாரில் யார், எங்கே, எப்போது, யார் கேட்க, என்ன சொல்லி ஏசினார் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். ‘இழிவாகப் பேசினார்’ என்ற ஒற்றை வரியால் தோற்ற வழக்குகள் பல.

சான்று விரைவில் அழியக்கூடியது. இறந்த கோழியைப் புதைக்காமல், பனிக்கட்டியில் வைத்து, அன்றே அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று உடற்கூறு ஆய்வுச் சான்று கேட்க வேண்டும். இரைப்பையில் இருக்கும் தானியம் முக்கியம். வரப்பில் கிடக்கும் அரிசியை நீங்களே அள்ளாமல் படமெடுத்து வைத்து, காவலர் முன்னிலையில் கைப்பற்றச் சொல்லுங்கள். வெள்ளைக் கழிச்சல் நோயிலும் கோழிகள் ஒரே நாளில் கொத்தாகச் சாகும் என்பதால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் சொல்லும். தடுப்பூசி போட்ட பதிவு இருந்தால் அந்த வாதம் பலவீனப்படும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. முகாம் ஊருக்குள் மட்டும் நடந்து காலனிக்கு வராமல் போனால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

முட்டையின் மறுமுனையிலும் ஒரு செய்தி உண்டு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்ந்து 2006-இல் நூலாக வந்த தீண்டாமை பற்றிய ஆய்வு, பால் கூட்டுறவுச் சங்கம் இருந்த கிராமங்களில் ஏறத்தாழ பாதியில் தலித் மக்களிடம் பால் வாங்கப்படவில்லை என்று கண்டது. முட்டைக்கு ஓடு இருக்கிறது. வியாபாரி கூடைகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டால் எது யார் வீட்டு முட்டை என்று சாதிக்குத் தெரியாது. வேகவைத்த கை தெரிந்துவிட்டால்தான் சிக்கல்: 2018-இல் அவினாசி பக்கத்துத் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியையே முற்றுகையிட்டார்கள். அப்படி விற்கவோ வாங்கவோ மறுத்து ஒன்றுகூடினால் அது பொருளாதாரப் புறக்கணிப்பு. 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 3(1)(இசட்சி) பிரிவில் தண்டனைக்குரியது.

தமிழ்நாட்டில் சத்துணவு முட்டை 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, 1998-இல் வாரம் ஒன்றாகி, 2010-இல் வாரம் ஐந்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதே 1989-இல் பிறந்தது. அந்த ஐந்து முட்டைகளும் மாநில அளவிலான ஒப்பந்தப்புள்ளி வழியே பண்ணைகளிலிருந்து வருகின்றன. புறக்கடை முட்டையால் அதை ஈடுகட்ட முடியும் என்று சொல்வது வீண் பெருமை. நாற்பது குழந்தைகள் உள்ள பள்ளிக்கு வாரம் 200 முட்டை. நாற்பது வாரத்துக்கு 8,000. அறுபது முட்டையிடும் நாட்டுக்கோழிகள் 130-க்கும் மேல் வேண்டும். ஆனால் பதினைந்து குழந்தைகள் உள்ள ஓர் அங்கன்வாடிக்கு வாரம் மூன்று முட்டை வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,250 முட்டை போதும். ஐந்தாறு வீட்டுப் பெண்களின் நாற்பது கோழிகள் அதைத் தரும். காலனிப் பெண்களின் குழுவிடமிருந்து அந்த அளவுக்காவது கொள்முதல் செய்ய விதியில் இடம் வேண்டும் என்பது நமது கருத்து. ஊர்க் குழந்தையும் அந்த முட்டையை உண்ணும் என்பதே அதன் கூடுதல் பயன்.

நம்மிடம் வந்த பெண்மணியின் புகார், காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் அனுப்பிய பிறகு பதிவானது. கோழியின் மதிப்பு என்ற இடத்தில் எழுத்தர் ஓர் எண்ணைக் கேட்டார். அவர் சற்று யோசித்து, “எந்தக் கோழிக்கு, தம்பி? முட்டைக்கு இருந்ததுக்கா, அடைக்கு உட்கார்ந்ததுக்கா?” என்று திருப்பிக் கேட்டார். வழக்கு நடக்கிறது. மனையை அளந்து எல்லைக்கல் நட வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறோம். அளவையர் இன்னும் வரவில்லை. தப்பிய ஒற்றைப் பெட்டையை அவர் பதினோரு முட்டையில் அடை வைத்திருந்தார். ஒன்பது பொரித்தன.